ஓடிபி வந்துச்சுங்களா?

ஜூலை 8

காலையில் ஒரு ரிட்டையர்டு ஹெட்மாஸ்டரின் வருமான வரி ஃபைலை எடுத்தேன். பென்ஷன், இரண்டு பேங்க்கில் டெபாசிட், கொஞ்சம் டிவிடெண்ட். அரை மணி நேர வேலை. முடித்தபோது மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. மஞ்சள் மண்டிக்காரருக்கு ஜிஎஸ்டி சந்தேகம். இன்னொருவருக்கு லோனுக்காக மூணு வருஷத்து ஐடிஆர் (வரி ரிட்டர்ன்) காப்பி, அதுவும் "இப்பவே வாட்ஸ்அப்ல போடுங்க". ஒவ்வொன்றும் இரண்டு நிமிஷம்தான். ஆனால் திரும்பி வந்தால் வரித்துறை போர்ட்டல் லாக்-அவுட் ஆகியிருக்கும். மறுபடி பாஸ்வேர்டு. ஏஐஎஸ்ஸில், அதாவது ஒருவருடைய வருஷ வரவுகளைக் காட்டும் வரித்துறைப் பட்டியலில், வட்டியை எந்த என்ட்ரி வரை சரிபார்த்தோம் என்று நினைவிருக்காது; மேலிருந்து தொடங்க வேண்டியதுதான்.

ஈரோட்டில் எந்த ஆடிட்டர் ஆபீஸுக்குப் போனாலும் ஜூலையில் இதே கதைதான்.

ஜூலை 9

எங்கள் சீனியர் அக்காவைக் கவனித்தேன். போன் அடித்தால் உடனே எடுக்க மாட்டார். பென்சிலை எடுத்து ஒரு துண்டுச் சீட்டில் ஏதோ கிறுக்கிவிட்டுத்தான் "சொல்லுங்க" என்பார். சீட்டைப் பார்த்தேன்: "2வது பேங்க் வட்டி வரை ஓகே. அடுத்து 26ஏஎஸ்ஸில் டிடிஎஸ்." பிடித்த வரி வரித்துறைக் கணக்கில் ஏறியிருக்கிறதா என்று பார்ப்பது. முடித்ததைவிட அடுத்தது என்ன என்பதுதான் அதில் முக்கியம்.

இதை ஆராய்ந்தே இருக்கிறார்கள். பாதி வேலையை விட்டு இன்னொன்றுக்குப் போனால் கவனத்தில் ஒரு பங்கு பழைய வேலையிலேயே தங்கிவிடுகிறது என்று ஆய்வாளர் சோஃபி லெராய் 2009-ல் எழுதினார். எழுந்து போகுமுன் எங்கே விட்டோம், வந்ததும் என்ன செய்யணும் என்று குறித்துவைத்தால் அந்தத் தொல்லை குறையும் என்பதை 2018-ல் தெரசா குளோம்புடன் சேர்ந்து காட்டினார். அக்காவிடம் சொன்னேன். "இதுக்கெல்லாமா ஆராய்ச்சி?" என்று கேட்டுவிட்டு வேலையைப் பார்க்கப் போய்விட்டார்.

ஜூலை 11

ஜிஎஸ்டிஆர்-1, அதாவது வியாபாரிகளின் ஜிஎஸ்டி விற்பனைக் கணக்கு, கடைசி நாள். சீட்டு எழுதவும் நேரமில்லை.

ஜூலை 15

சி.ஏ. பயிற்சிக்கு வந்திருக்கும் ஆர்ட்டிகிள்ஷிப் தம்பிக்கு விமானப் பைத்தியம். அவன் சொன்ன கதை இது. 1974-ல் அமெரிக்காவின் சார்லட் நகரில் ஈஸ்டர்ன் ஏர்லைன்ஸ் விமானம் மூடுபனியில் இறங்கும்போது விழுந்து 70-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். இறங்கும் நேரத்திலும் விமானிகள் அரசியல், பழைய கார் என்று பேசிக்கொண்டிருந்தது ஒலிப்பதிவில் இருந்தது. 1981-ல் விதி வந்தது: 10,000 அடிக்குக் கீழே பறக்கும்போது விமானம் ஓட்டத் தேவையில்லாத பேச்சே கூடாது.

எங்களுக்கும் அப்படி ஒரு உயரம் உண்டு. ரிட்டர்னின் பிரிவ்யூ திறந்ததிலிருந்து சப்மிட் அழுத்தும் வரை. ரீஃபண்டுக்கான பேங்க் கணக்கும், புது வரி முறையா பழசா என்பதும் கடைசியாகக் கண்ணில் படுவது அங்கேதான். மத்தியானம் ஆடிட்டர் சாரே ஏதோ கேட்க வந்தார். "பத்தாயிரம் அடி, சார்" என்றான் தம்பி, திரும்பிக்கூடப் பார்க்காமல். சார் ஒன்றும் புரியாமல் போய்விட்டார். பிறகு விளக்கியதும் அவருக்கே பிடித்துப்போய், கிளையண்டுகளிடமும் சொல்ல ஆரம்பித்துவிட்டார்.

ஜூலை 18

போனை அணைத்து வைக்கச் சொல்பவர்கள் ஓடிபி வேலை பார்த்ததில்லை. ரிட்டர்னை வெரிஃபை செய்ய ஆதார் ஓடிபி வேண்டும். அது 15 நிமிஷத்தில் செத்துவிடும். தறி ஓடும் சத்தத்தில் கிளையண்டுக்கு ரிங் கேட்காது. அல்லது போன் மகனிடம், மகன் திருப்பூரில். ஒரு அம்மா தெளிவாகச் சொல்லிவிட்டார்: "ஓடிபி ஆருக்கும் சொல்லக் கூடாதுன்னு டிவியில சொல்றாங்களே கண்ணு." அவர் சொன்னதுதான் சரி. நேரில் வந்து, எங்கள் முன்னாலேயே பார்த்து அவரே அடித்தார். அரை மணி நேரம் மருமகள் கதையும் உண்டு.

அதனால் பகலில் ஓடிபி கேட்பதையே நிறுத்திவிட்டோம். சப்மிட் செய்த பிறகு வெரிஃபை செய்ய 30 நாள் இருக்கிறதே. யார் யாருக்கு என்று முன்தினமே வாய்ஸ் மெசேஜ். சாயங்காலம் ஆறரைக்கு மேல் வரிசையாகக் கூப்பிடுவது. தறி நின்றிருக்கும், மகனும் வீட்டில் இருப்பான். வர முடிந்தவர்கள் நேரிலும் வரலாம். பகலில் ஆபீஸ் இவ்வளவு அமைதியாக இருந்து நான் பார்த்ததில்லை.

ஜூலை 22

மாதாந்திரப் பராமரிப்பு, காலையிலிருந்து கரண்ட் இல்லை. இன்வெர்ட்டர் ஃபேனுக்கு மட்டும். சம்பளக்காரர்களின் ஃபார்ம் 16 வரிச் சான்றுகளை அடுக்கினேன். யாரும் கூப்பிடவில்லை, ஆனாலும் கை செல்போனுக்குப் போய்க்கொண்டே இருந்தது. எரிச்சலாக இருந்தது. பீரோவில் வைத்துப் பூட்டிச் சாவியை அக்காவிடம் கொடுத்தேன்.

ஜூலை 28

சாயங்கால ஏற்பாடு உடைந்துவிட்டது. சம்பளக்காரர், பென்ஷன்காரர் எல்லாருக்கும் ரிட்டர்ன் போட 31 கடைசி. தாமதமானால் 5,000 ரூபாய் வரை அபராதம். வாசலில் செருப்பு வைக்க இடமில்லை. சீட்டும் பத்தாயிரம் அடியும் மட்டும் தாக்குப்பிடிக்கின்றன. "மேல போயிட்டாங்களா, இறங்கிட்டாங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் மஞ்சள் மண்டிக்காரரே உள்ளே வருகிறார்.

பவானி டீச்சரம்மாவுக்கு ஆதாரில் பழைய நம்பர், ஓடிபி வராது. ஐடிஆர்-வி என்ற ஒப்புகைத் தாளை அச்செடுத்துக் கையெழுத்து வாங்கி பெங்களூரில் உள்ள வரித்துறை மையத்துக்கு ஸ்பீட் போஸ்ட் போட வேண்டும். நாளைய சீட்டில் முதல் வரி அதுதான்.