நித்திரை இல்லாத ஊரில் கை காட்டி ஏறிய கார்கள்

நோர்வேயின் வடகோடியில், பின்மார்க் பக்கம், மே மாத நடுவில் எழும்பும் சூரியன் ஜூலை முடியும் மட்டும் மறையாது. வருவதற்கு முன்பே இது எனக்குத் தெரியும், நடுச்சாமத்தில் கடலுக்கு மேல் செம்மஞ்சளாகச் சூரியன் நிற்கும் படங்களும் பார்த்திருந்தேன். அது மனிதரின் நித்திரையை என்ன பாடு படுத்தும் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. ஒஸ்லோவில் இருக்கிற எங்கள் ஈழத்து ஆட்களுக்கே அது சரியாகத் தெரியாது, அங்கே கோடையிலும் சூரியன் சில மணி நேரமாவது மறைந்துவிடும். வடக்கில் வேலை கிடைத்து வரப்போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நித்திரையைப் பற்றித்தான் சொல்ல வந்தேன், ஆனால் அதைச் சொல்லப் போனால் தெருவோரம் நின்று கை காட்டி முன்பின் தெரியாதவர்களின் காரில் ஏறியதையும், மீன்பிடி ஊர் ஒன்றின் விளையாட்டு மண்டபத்தில் தாய்ச்சி என்ற, மெல்ல அசைந்து பழகும் சீனத்துச் சண்டைக் கலையைப் பழகியதையும் சேர்த்தே சொல்ல வேண்டும். எனக்கு மூன்றும் ஒன்றைப் பிடித்து ஒன்று வந்தவை.

நான் வந்து சேர்ந்த இடம் போட்ஸ்ஃபியோர். 2000 சொச்சம் பேர் இருக்கிற ஊர், எல்லாமே மீனைச் சுற்றித்தான். எங்கள் ஆட்கள் நோர்வேக்கு வந்தது புதுக் கதை இல்லை. குருநகர் அந்தோனி இராஜேந்திரம் 1956 இலேயே இங்கு வந்து, பிறகு நோர்வேக்காரரின் உதவியோடு யாழ்ப்பாணத்தில் சீநோர் என்ற மீன்பிடி நிறுவனத்தைத் தொடங்கியவர். அவருக்குப் பின் நாட்டார் உயர்பள்ளிகள் என்ற, பரீட்சை இல்லாமல் தங்கிப் படிக்கும் பள்ளிகளுக்கு மாணவராக வந்தவர்கள், 1983 கலவரத்துக்குப் பிறகு அகதியாக வந்தவர்கள் என்று எத்தனையோ பேர் இந்த வடக்கு ஊர்களின் மீன் தொழிற்சாலைகளில் குளிருக்குள் நின்று உழைத்தார்கள். பெரும்பாலானவர்கள் பிள்ளைகளின் படிப்புக்காகத் தெற்கே போய்விட்டார்கள். நான் போனபோது மிச்சமிருந்தவர்களில் ஒரு அண்ணன்தான் எனக்கு அறை எடுத்துத் தந்து, றப்பர் பூட்ஸ் எங்கே மலிவு என்பதிலிருந்து எல்லாம் சொல்லித் தந்தவர்.

வேலை, கீழிருந்து வெளிச்சம் அடிக்கும் மேசையில். வெட்டிய மீன்துண்டை அந்தக் கண்ணாடி மேல் விரித்தால் சதைக்குள் இருக்கும் முள்ளும் புழுவும் நிழலாகத் தெரியும், சின்னக் கத்தியால் அதைக் கிள்ளி எடுத்துவிட்டு அடுத்த துண்டு. எட்டு மணி நேரம் வெளிச்சத்தையே பார்த்துவிட்டு வெளியே வந்தால் அங்கேயும் வெளிச்சம். அறைக்குப் போய்ப் படுத்தால் யன்னல் திரைக்குப் பின்னால் அதே வெளிச்சம்.

முதல் கிழமை எனக்கு அது சந்தோஷமாகத்தான் இருந்தது. களைப்பே தெரியவில்லை. இரவு பதினொன்றுக்குச் சமைத்தேன், ஒரு மணிக்கு உடுப்புத் தோய்த்தேன், ஊருக்கு எடுத்து அம்மாவோடு கதைத்தேன். அதற்குப் பிறகு உடம்பு கணக்கைத் தீர்க்கத் தொடங்கியது. கண் எரிவு, கையில் நடுக்கம், யாராவது சாதாரணமாக ஏதும் கேட்டாலே கோபம். படுத்தால் நித்திரை வராது, வந்தாலும் ஒரு மணி நேரத்தில் நெஞ்சு அடித்துக்கொண்டு எழும்பிவிடுவேன். யன்னலில் பகல்போல வெயில் நிற்கும், மணி பார்த்தால் இரண்டரை.

இதன் காரணத்தைப் பிறகு வாசித்துத் தெரிந்துகொண்டேன். நமது விழித்திரையில் பார்ப்பதற்கு உதவாத, வெளிச்சத்தின் அளவை மட்டும் மூளைக்குச் சொல்கிற சில கலங்கள் இருக்கின்றன. இருள் வருகிறது என்று அவை சொன்னால்தான் மூளை, உடம்பை நித்திரைக்குத் தயார்ப்படுத்தும் மெலட்டோனின் என்ற ஹோர்மோனைச் சுரக்கும். யாழ்ப்பாணத்தில் வருஷத்தின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் சுமார் ஒரு மணி நேரம்தான் வித்தியாசம். ஆறு, ஆறரைக்குப் பொழுது பட்டுவிடும், லைற் போடுவார்கள், உடம்பு தானாகவே நாளை மடித்து வைத்துவிடும். முப்பது வருஷம் அப்படிப் பழகின உடம்பு இங்கே வந்து ஒவ்வொரு இரவும் இருளுக்காகக் காத்திருந்து ஏமாந்தது.

அண்ணன் என்னைத் தொழிற்சாலைச் சாப்பாட்டு அறையில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "தம்பி, கண்ணெல்லாம் சிவந்து போய்க் கிடக்கு. யன்னலுக்குக் கறுப்புச் சீலை போட்டனீரே?" இல்லை என்றேன். அன்று மாலையே தடித்த கறுப்புத் துணியும் ஆணியும் சுத்தியலும் கொண்டு வந்து, யன்னல் சட்டத்தில் ஒரு கீறல் வெளிச்சம்கூட வராமல் அடித்துத் தந்தார். விளிம்புகளில் சமையலறை அலுமினியத் தாளை ஒட்டினோம். கதவைச் சாத்தியபோது அறை கும்மிருட்டாக இருந்தது. எனக்கு அழுகையே வந்துவிட்டது.

ஆனால் அந்த இருட்டில் வேறொன்று எழும்பி வந்தது. அதைப் பற்றித்தான் நான் அதிகம் எழுத வேண்டும். வெளிச்சம் போனாலும் நித்திரை வரவில்லை. தோள் இரண்டும் காதுப் பக்கம் ஏறி நிற்கும், பல்லைக் கடித்தபடி கிடப்பேன், ஒரு காது எப்போதும் வெளியே இருக்கும். எங்கள் வயதுக்காரர்களுக்கு இது விளங்கும். ஷெல் எங்கே விழுகிறது என்று கேட்டுக்கொண்டே பதுங்குகுழிக்குள் படுத்த பிள்ளைகள் நாங்கள். 1995 ஒக்டோபர் 30 இரவு, யாழ்ப்பாணத்து வலிகாமம் முழுக்க இடம்பெயர்ந்து ஒரே தெருவில் நடந்தபோது அம்மாவின் சீலைத் தலைப்பைப் பிடித்தபடி நடந்தவன் நான். 2006 இல் யாழ்ப்பாணத்துக்கான ஏ9 பாதை பூட்டின பிறகு, ஊரடங்கு இரவுகளில் வாகனம் ஒன்று ஒழுங்கைக்குள் வேகம் குறைந்தால் வீட்டில் எல்லாரும் மூச்சை அடக்கிக்கொண்டு கிடப்போம். வாகனம் தாண்டிப் போகும் சத்தம் கேட்டால்தான் புரண்டு படுப்போம். இந்த விழிப்பு எனக்குள் இவ்வளவு ஆழமாக ஊறியிருக்கிறது என்பது, பயப்பட ஒன்றுமே இல்லாத ஒரு ஊருக்கு வந்த பிறகுதான் தெரிந்தது.

படுத்துக் கிடந்து சாவதைவிட நடக்கலாம் என்று இரவில் நடக்கத் தொடங்கினேன். இரவு என்று சொல்கிறேன், வெயில்தான். சாமம் ஒரு மணிக்கு ஒருவர் வீட்டுச் சுவருக்குப் பெயின்ற் அடித்துக்கொண்டிருப்பார், பிள்ளைகள் பந்தடிப்பார்கள், யாரும் யாரையும் ஏன் இன்னும் படுக்கவில்லை என்று கேட்பதில்லை. 2019 இல் சொம்மாரோய் என்ற தீவுக்காரர்கள் கடிகாரமே வேண்டாம், எங்கள் தீவை நேரமில்லாத இடமாக்குங்கள் என்று கேட்பதாக உலகம் முழுக்கச் செய்தி வந்தது. அது சுற்றுலாவை வளர்ப்பதற்காக அரச நிறுவனம் ஒன்று கிளப்பிய விளம்பரம் என்று பிறகு வெளிவந்து, மன்னிப்பும் கேட்டார்கள். ஆனாலும் அந்தத் தீவுக்காரர் சொன்னதாக வந்த வாழ்க்கை பொய்யில்லை. வடக்கில் கோடையில் மனிதர் அப்படித்தான் இருக்கிறார்கள்.

அப்படி நடந்துபோன ஒரு இரவில்தான் ஊரைவிட்டு மலைப்பாதையில் ஏறி நெடுந்தூரம் போய்விட்டேன். போட்ஸ்ஃபியோரிலிருந்து தானா என்ற ஊர் வரைக்கும் சுமார் 100 கிலோமீற்றர், நடுவில் மலை மேல் மரமே இல்லாத வெட்டை. பஸ் அரிது. காற்று எழும்பி மழையும் தூறத் தொடங்கியபோது, பின்னால் ஒரு வாகனம் வேகம் குறைக்கும் சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தால் வெள்ளை வான்.

எங்கள் ஊரில் ஆட்களைக் கடத்திப் போனது வெள்ளை வானில்தான், அதை இதை வாசிக்கிறவர்களுக்கு நான் அதிகம் விளக்கத் தேவையில்லை. கால் இரண்டும் அப்படியே நின்றுவிட்டன. கண்ணாடி இறங்கியது. ஓட்டி வந்தவர் அறுபது வயது மதிக்கலாம், கம்பளித் தொப்பி, பக்கத்து ஆசனத்தில் மீன் வலைத் துண்டும் தேர்மஸ் போத்தலும். "ஊருக்கா? ஏறு" என்றார், வலையைத் தூக்கிப் பின்னால் போட்டார். நான் ஏறினேன். அவர் ஒன்றும் கேட்கவில்லை, எந்த நாடு என்றுகூட. ஊர் வந்ததும் தேர்மஸ் மூடியில் மிச்சமிருந்த கோப்பியை ஊற்றி நீட்டினார். நான் குடித்து முடிக்கும் வரைக்கும் இயந்திரத்தை நிறுத்திவிட்டுக் கடலைப் பார்த்தபடி இருந்தார். அறைக்கு வந்து நித்திரை கொண்டேன், மதியம் வரைக்கும்.

அதற்குப் பிறகு வேண்டுமென்றே கை காட்டத் தொடங்கினேன். லீவு நாட்களில் தானாவுக்கு, அங்கிருந்து மேற்கே ஹம்மர்ஃபெஸ்ட் பக்கம் வரைக்கும். பெருவிரலை நீட்டி நிற்பது எங்கள் ஆட்களுக்குக் கூச்சமாக இருக்கும், எனக்கும் இருந்தது. இங்கே தொலைதூர ஊர்களில் ஒருவர் தெருவோரம் நின்றால் கடந்து போவது பலருக்கு மனம் வராத காரியம், ஏனென்றால் அடுத்த கார் எப்போது வரும் என்று அவர்களுக்குத் தெரியும். மீன் ஏற்றிப்போகும் ட்ரெய்லர்காரர், தாதி வேலைக்குப் போகிற பெண், மான் மந்தை வைத்திருக்கிற, இந்த வடக்கின் பழங்குடியான சாமி இனத்துப் பெரியவர் என்று எத்தனை பேர். அந்தப் பெரியவரோடு போனபோது ஒரு சுரங்கப் பாதைக்குள் கலைமான்கள் வரிசையாக நின்றன. வெயில் ஏறிய நாட்களில் குளிர்ச்சிக்காக அப்படி உள்ளே வந்து நிற்குமாம். அவர் ஹோர்ன் அடிக்கவில்லை, லைற்றைத் தாழ்த்திவிட்டு அவை நகரும் மட்டும் காத்திருந்தார். ஒரு சொல்லும் பேசாமல் நாங்கள் அங்கே இருந்த நேரம் எனக்கு இன்றைக்கும் இனிப்பாக இருக்கிறது. நோர்வேக்காரர் கதைக்க மாட்டார்கள் என்று எங்கள் ஆட்கள் குறைப்படுவார்கள். எனக்கு அந்த மௌனம்தான் தேவையாக இருந்தது. வாகனத்துக்குள் யாரும் என்னை விசாரிக்கவில்லை, அடையாள அட்டை கேட்கவில்லை.

தாய்ச்சியும் அப்படி ஒரு காரில் கிடைத்ததுதான். ஓய்வுபெற்ற ஒரு அம்மா, நான் தூங்கி விழுவதைப் பார்த்துவிட்டு, "நித்திரை கொள்வதில்லையா?" என்று கேட்டார். சொன்னேன். மாலையில் விளையாட்டு மண்டபத்துக்கு வா என்றார். போனால் ஏழெட்டுப் பேர், பெரும்பாலும் வயதானவர்கள், சொக்ஸோடு நின்று கையை மெல்ல மெல்ல அசைத்துக்கொண்டிருந்தார்கள். சண்டைக் கலை என்று சொன்னார்களே என்று யோசித்தேன். அவர்கள் பழகியது 24 அசைவு வடிவம், தாய்ச்சியின் கிளைகளில் ஒன்றான யாங் மரபிலிருந்து சுருக்கி 1956 இல் சீன அரசின் விளையாட்டுத் துறை உருவாக்கியது. முழுதாகச் செய்ய ஆறு நிமிஷம் போதும். வெண்கொக்கு சிறகு விரிப்பது, மேகக் கைகள் என்று அசைவுகளுக்குப் பெயர்.

முதல் நாள் அந்த அம்மா எனக்கு எந்த அசைவும் சொல்லித் தரவில்லை. சும்மா நில் என்றார். கால் தோள் அகலத்துக்கு, முழங்கால் பூட்டாமல், கை வயிற்றுக்கு முன்னால் வட்டமாக. பின்னால் வந்து இரண்டு விரலை என் வலது தோளில் வைத்தார், அழுத்தவில்லை, வைத்தார் அவ்வளவுதான். தோள் இறங்கியது. இறங்கின பிறகுதான் அது அவ்வளவு நேரமும் மேலே நின்றது என்று தெரிந்தது. விரலை எடுத்ததும் மறுபடி ஏறியது. மறுபடி வைத்தார். அந்த மாலை முழுக்க எனக்கு இதுதான் பாடம்.

பிறகு தள்ளும் கைப் பயிற்சி. இரண்டு பேர் எதிரெதிரே நின்று மணிக்கட்டும் மணிக்கட்டும் தொட, ஒருவர் தள்ள மற்றவர் அதை எதிர்க்காமல் வாங்கித் திருப்ப வேண்டும். எதிர்த்தால் உங்கள் விறைப்பையே பிடித்து உங்களைச் சாய்த்துவிடுவார்கள். எழுபது வயது மீனவர் ஒருவர் என்னைச் சும்மா சாய்த்துக்கொண்டே இருந்தார். முன்னால் நிற்கிறவர் என்ன செய்யப் போகிறார் என்று எச்சரிக்கையோடு நின்றால் விழுவேன், அவர் கையின் பாரத்தை மட்டும் உணர்ந்துகொண்டு நின்றால் விழமாட்டேன். பாதுகாப்பு என்றால் உடம்பை இறுக்கி வைத்திருப்பது என்றுதான் சின்ன வயதிலிருந்து நான் கற்றது. தளர்ந்த உடம்புதான் விழாமல் நிற்கிறது என்பதை எனக்கு யாரும் வாயால் சொல்லியிருந்தால் நம்பியிருக்க மாட்டேன்.

நித்திரை உடனே வந்துவிடவில்லை. ஊர்த் தாதி சொன்ன ஒழுங்கையும் சேர்த்தே கடைப்பிடித்தேன்: நித்திரை வந்தால் மட்டும் கட்டிலுக்குப் போவது, இருபது நிமிஷம் போல் வராவிட்டால் எழும்பி வேறு அறைக்குப் போவது, எவ்வளவு குறைவாக நித்திரை கொண்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழும்புவது. தாய்ச்சி நித்திரைக்கு உதவுமா என்று கேட்கிறவர்களுக்கு ஒன்று சொல்லலாம். லொஸ் ஏஞ்சல்ஸில் மைக்கேல் இர்வின் குழுவினர் மார்பகப் புற்றுநோயிலிருந்து மீண்ட, நித்திரை இல்லாமல் தவித்த 90 பெண்களிடம் செய்த ஆய்வு 2017 இல் வெளியானது. நித்திரையின்மைக்கான வழக்கமான நடத்தைச் சிகிச்சைக்குத் தாய்ச்சி குறைந்ததல்ல என்று அதில் கண்டார்கள். எனக்கு அந்தத் தாளைவிட என் தோள் சாட்சி.

குளிர்காலம் தலைகீழ். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி பிற்பகுதி வரை சூரியன் எழும்பாது, மதியத்தில் கொஞ்ச நேரம் நீல வெளிச்சம், அவ்வளவுதான். இருள் இருந்தால் நித்திரை வரும் என்று நினைக்காதீர்கள். காலை வெளிச்சம் கிடைக்காததால் உடம்புக் கடிகாரம் பின்தள்ளிக்கொண்டே போகும், பகலில் சோம்பல், இரவில் விழிப்பு. காலையில் அரை மணி நேரம் 10,000 லக்ஸ் பிரகாசமுள்ள விளக்கின் முன் இருந்து தேத்தண்ணி குடிப்பேன், மீனெண்ணெயும் ஒரு கரண்டி. புயல் நாட்களில் மலைப்பாதையை அடைத்துவிட்டு, பனி தள்ளும் வாகனத்துக்குப் பின்னால் கார்களை வரிசையாக விடுவார்கள். முன்னால் போகிறவரின் சிவப்பு லைற்றைத் தவிர வேறெதுவும் தெரியாது. அப்படிப் போன ஒரு வரிசையில், யாரென்றே தெரியாத ஒருவரின் காரில், கூடவே போன நான் நித்திரையாகிப் போனேன். அவர் என்னை ஊருக்குள் வந்துதான் எழுப்பினார். அதை அண்ணனிடம் சொன்னேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நான் வந்து இவ்வளவு காலம், இன்னும் பஸ்ஸிலகூட நித்திரை கொண்டதில்லையடா தம்பி" என்றார். இப்போது அவரும் மண்டபத்துக்கு வருகிறார்.

இந்த வருஷம் வடக்குக்கு வருகிறவர்கள் ஏப்ரலுக்குள் யன்னலை அளந்து, சட்டத்தைவிட நான்கு பக்கமும் ஒரு சாண் கூடுதலாகக் கறுப்புச் சீலை எடுத்து வையுங்கள். அதை அடித்த பிறகும் நித்திரை வராவிட்டால், உங்கள் ஊர் மண்டபத்தில் மாலையில் என்ன நடக்கிறது என்று ஒருக்கால் எட்டிப் பாருங்கள்.