பொய்முடிச்சு

டிசம்பர் 18
செமினாருக்கு இன்னும் நாலு நாள். எனக்கு வந்திருப்பது செட்7/9. டி.என்.ஏ. சுற்றிக்கொள்ளும் புரதங்களில் ஒன்றான ஹிஸ்டோன் எச்3-இன் 4-ஆம் இடத்தில் இருக்கும் லைசின் என்ற அமினோ அமிலத்தில், ஒரே ஒரு மெத்திலை (ஒரு கார்பன், மூன்று ஹைட்ரஜன்) ஒட்டும் மனித என்சைம். நீளம் 366 அமினோ அமிலம். 2003-இல் வெளியான படிக அமைப்பை, மூலக்கூறுகளை முப்பரிமாணத்தில் காட்டும் பைமால் மென்பொருளில் திறந்தேன். சுற்றிப் பார்த்தாலே லேப்டாப் திணறுகிறது.

ஹிஸ்டோன் துண்டு ஒரு முகத்தில் உட்கார்ந்திருக்கிறது. மெத்தில் தரும் சாம் மூலக்கூறுக்கு இடம் எதிர்முகத்தில். நடுவில் குறுகலான ஒரு சுரங்கம். லைசின் அதற்குள் கையை நீட்டி வாங்கிக்கொள்கிறது. எங்கள் தெரு ரேஷன் கடை ஜன்னல்தான். படிகத்தில் பட்டுவாடா முடிந்துவிட்டது: லைசினில் மெத்தில் ஒட்டியிருக்கிறது, எதிரே கொடுத்து முடித்த சாம், இப்போது அதன் பெயர் எஸ்-அடினோசில்ஹோமோசிஸ்டீன்.

டிசம்பர் 19
என்சைமில் மெத்தில் ஒட்டும் வேலையைச் செய்யும் செட் பகுதியில் பொய்முடிச்சு ஒன்று உண்டு என்று படித்தேன். ஒரு மணி நேரம் சுற்றியும் கண்ணுக்குப் படவில்லை. பக்கத்தில் பாட்டி கனகாம்பரம் கட்டிக்கொண்டிருந்தாள் (மல்லி விலை இப்போது கிட்டே போக முடியாது). இரண்டு பூ, வாழைநாரில் ஒரு வளையம், அதற்குள் நுழைத்து ஓர் இழுப்பு. திரையில் தேட வேண்டியதும் அதேதான்! சங்கிலி ஓரிடத்தில் வளையமாக வளைகிறது, அதன் வால்பக்கம் அந்த வளையத்துக்குள் புகுந்து போகிறது. பாட்டியிடம் காட்டினேன்.

"வளையத்த எதுடி புடிச்சிட்டிருக்கு?"

"ஹைட்ரஜன் பிணைப்பு பாட்டி. லேசான பிடிதான்."

"அப்ப இழுத்தா அவுந்துடும். இது முடிச்சா?"

அதனால்தான் பொய்முடிச்சு. ஆனால் இந்த லேசான கட்டுதான் சுரங்கத்துக்குச் சுவர்.

டிசம்பர் 21
கைடு படங்களைப் பார்த்தார். "தண்ணி எங்கம்மா?"

வழக்கம்போல நீர் மூலக்கூறுகளைக் குப்பை என்று அழித்திருந்தேன். ஒரே ஒரு மெத்தில் ஏன் என்பதற்குப் பதிலே அங்கேதான் இருக்கிறதாம். 305-ஆம் இடத்தில் டைரோசின். அதன் ஹைட்ராக்சில் (ஆக்சிஜனும் ஹைட்ரஜனும் சேர்ந்த முனை) ஒரு நீர் மூலக்கூறைப் பிடித்து வைத்திருக்கிறது. இரண்டாவது மெத்திலுக்கு இடமில்லை. அங்கே ஃபினைல்அலனினை மாற்றி வைத்தால் ஹைட்ராக்சில் போய்விடும், நீரின் பிடி தளரும், என்சைம் இரண்டாவதையும் ஒட்ட ஆரம்பிக்கும். இரண்டு அமினோ அமிலத்துக்கும் வித்தியாசம் ஓர் ஆக்சிஜன் அணு. அது பிடித்திருந்த தண்ணீரைத்தான் நான் துடைத்துப் போட்டிருக்கிறேன்.

டிசம்பர் 22
செமினார் பரவாயில்லை. சிவப்புப் புள்ளியாக அந்த ஒரு நீரை மட்டும் பெரிதாக்கிக் காட்டினேன். "அது நிஜமாவே அங்க இருக்கா, இல்ல நீங்க வரைஞ்சதா?" என்று பின்வரிசையிலிருந்து ஒரு கேள்வி. அணுக்கள் எங்கே இருக்கின்றன என்று எக்ஸ்ரே அளவீடு காட்டும் எலெக்ட்ரான் அடர்த்திப் படத்தைப் போடச் சொன்னார்கள். லேப்டாப் அப்போதுதான் நின்றது.