எலி கொடுத்த யோசனை

மலேசியாவில் எங்கள் ஊரான பத்தாங் பெர்ஜுந்தைக்கு 2007இல் பெஸ்தாரி ஜெயா என்று பெயர் மாற்றினார்கள். அம்மா வாயில் இன்னும் பழைய பெயர்தான். பக்கத்திலிருக்கும் தென்னமரம் தோட்டத்தில்தான் 1917இல், மலேசியாவிலேயே முதன்முதலாக வணிகத்துக்குச் செம்பனை, அதாவது எண்ணெய்ப் பனை, நட்டார்கள். பெயரில் மட்டும் தென்னை.

இந்த வட்டாரத்துச் செம்பனை எண்ணெய் ஆலை ஒன்றுக்கு மென்பொருள் எழுதுகிறேன். லாரி கொட்டும் குலைகளைக் கேமரா பார்த்து, பழமா காயா என்று சொல்ல வேண்டும். கறுத்திருந்தால் காய், செம்மஞ்சளாகிப் பழங்கள் உதிர்ந்திருந்தால் பழம். ஒழுங்காகத்தான் ஓடியது, மழை பிடிக்கும் வரை. நனைந்த பழக்குலைகளையும் காய் என்றது. மழைப் படங்களை மட்டும் அள்ளிப் போட்டு மறுபடி பயிற்சி கொடுத்தேன். மழையில் பிரமாதம். வெயில் வந்ததும் காயையெல்லாம் பழம் என்றது. தரம் பார்க்கும் அண்ணன் ஒரு கறுத்த குலையைக் காலால் உருட்டிவிட்டு, "உன் மிஷினுக்குக் கண்ணாடி வாங்கிக் குடும்மா" என்றார்.

புதிதைப் படித்தால் பழையதை அழித்துக்கொள்ளும் இந்தக் கோளாறு 1989லேயே ஆய்வுக் கட்டுரையாக வந்துவிட்டது. தெரிந்தேதான் செய்தேன், அவசரம்.

அம்மா இருபது வருஷம் ரப்பர் மரத்தில் பால் வெட்டியவர். ரப்பரை அழித்துச் செம்பனை நட்டதும் உதிரிப்பழம் பொறுக்கப் போனார். போன தீபாவளிக்கு, கொல்லையில் மிஞ்சிய ஒற்றை ரப்பர் மரத்தில் கத்தியை வைத்துப் பட்டையைக் காகிதம் போலச் சீவினார். வெள்ளைக்கோடு இறங்கியது. "கை எங்கடி மறக்கும்?"

மூளை எப்படி மறக்காமல் இருக்கிறது? 1994இல் மூளை ஆய்வாளர்கள் வில்சனும் மெக்நாட்டனும் எலிகளை ஓடவிட்டுப் பார்த்தார்கள். ஓடும்போது சேர்ந்து துடித்த மூளைச் செல்கள், பிறகு தூங்கும்போதும் சேர்ந்தே துடித்தன. பழைய நினைவுகளைப் புதியவற்றோடு கலந்து ஓட்டிப் பார்ப்பதால்தான் பழையது அழிவதில்லை என்று மறு ஆண்டு மெக்லெலண்ட், மெக்நாட்டன், ஓ'ரெய்லி மூவரும் எழுதினார்கள். நானும் வெயில் படங்களை மழைப் படங்களோடு கலந்து கொடுத்தேன். தேறிவிட்டது. இராத்திரி விளக்கு வெளிச்சத்தில் மட்டும் இன்னும் தடுமாறுகிறது.

பழம் தின்னும் எலியைப் பிடிக்கத் தோட்டத்தில் ஆந்தைக்குப் பெட்டி கட்டி வைத்திருக்கிறோம். அந்த எலியிடம் போய்ப் பாடம் கேட்ட கதையை அம்மாவிடம் சொன்னேன்.

"நானும் அப்பல்லாம் தூக்கத்துல உதிரி பொறுக்குவேன்டி" என்றார். "அதுக்கு எவன் சம்பளம் குடுத்தான்?"