சுமடு இறக்க ஓர் இடம்

அம்மாவின் சும்மாடு இப்போதும் எங்கள் அடுக்களையில் ஆணியில் தொங்குகிறது. பழைய கைலியைக் கிழித்து முறுக்கிச் சுற்றியது. எத்தனை தடவை துவைத்தாலும் மீன்வாடை போகாது. கொளச்சல் கடப்புறத்தில் மீன் எடுத்து, ஓலைக் கடவத்தில் அடுக்கி, திங்கள்சந்தை வரைக்கும் தலைச்சுமையாகக் கொண்டுபோய் விற்றுத்தான் அம்மா எங்களை வளர்த்தாள். பிறகு கடவம் போய் அலுமினியச் சருவம் வந்தது. சுமடு குறையவில்லை.

2017-ல் என் கணவருக்கு மேற்கு ஆப்பிரிக்காவில், கானா நாட்டின் தெமா துறைமுகத்தில் வேலை கிடைத்தது. நானும் கூடப் போனேன். தலைநகரம் அக்ரா பக்கத்தில்தான். துணி வாங்கலாம் என்று மகோலா சந்தைக்குப் போன முதல் நாளே நின்றுவிட்டேன். அந்த நெரிசலுக்குள் ஆட்களின் தலைக்கு மேலே சருவங்கள் மிதந்து வந்தன. அதே அகலச் சருவம், அடியில் அதே துணிச்சுருள். ஆனால் சுமந்தவர்கள் அம்மா வயதுக்காரிகள் இல்லை. பதினாறு, பதினெட்டு, இருபது. சிலருக்கு முதுகில் குழந்தையும் கட்டியிருந்தது.

இவர்களை அங்கே 'கயாயேய்' என்கிறார்கள். 'கயா' என்றால் ஹவுசா மொழியில் சுமை. 'யேய்' என்றால் அக்ராவின் கா மொழியில் பெண்கள். பெரும்பாலும் வடக்கே தமாலே பக்கத்திலிருந்து அறுநூறு கிலோமீட்டர் பஸ் ஏறி வருகிறவர்கள். தெற்கே வருடத்துக்கு இரண்டு மழைக்காலம் என்றால் வடக்கே ஒன்றுதான். அறுவடை முடிந்துவிட்டால் அடுத்த மழை வரை வயலில் வேலை கிடையாது. எதற்காக வந்தாய் என்று நான் கேட்ட பிள்ளைகள் சொன்னது ஏறக்குறைய ஒன்றேதான்: கல்யாணத்துக்குப் பாத்திரம் வாங்க வேண்டும், தம்பிக்குப் பள்ளிக்கூடப் பணம் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் ஒரு தையல் மெஷின் வாங்க வேண்டும். அங்கே தையல் பழகப் போகிறவள் மெஷினைத் தன் கையோடு கொண்டுபோக வேண்டும், கற்றுத் தருகிற அம்மாவுக்குப் பணமும் கட்ட வேண்டும். அதைச் சேர்க்கத்தான் இந்தச் சுமடு.

தையல் மெஷின் என்று கேட்டதும் எனக்கு மனசு பதறிவிட்டது. நான் எங்கள் கன்னியாகுமரி மாவட்டத்து முளகுமூட்டில் எம்பிராய்டரி பழகியவள். எனக்குத் தெரிந்த ஒரே தொழில் அதுதான், கற்றுக்கொடுப்போமே என்று நினைத்தேன். அக்ராவில் இந்தப் பிள்ளைகளுக்கென்று நடந்த ஒரு பயிற்சி மையத்தில் போய்க் கேட்டேன், சேர்த்துக்கொண்டார்கள். மையத்தின் பெயர் வேண்டாம். நல்ல மனசோடு தொடங்கியதுதான். திங்கள் முதல் வெள்ளி வரை காலை ஒன்பது மணிக்கு வகுப்பு, ஆறு மாதம் முடிந்தால் சான்றிதழ்.

முதல் நாள் பதினான்கு பேர் வந்தார்கள். மூன்றாவது வாரம் ஐந்து பேர். மையத்தில் எல்லோரும், இந்தப் பிள்ளைகளுக்குப் பொறுமை இல்லை என்றார்கள். நானும் கொஞ்ச நாள் அப்படித்தான் நினைத்தேன். அதை இப்போது நினைத்தாலும் வேதனையாக இருக்கிறது.

விடாமல் வந்த ஐந்து பேரில் ஒருத்திக்குப் பதினெட்டு வயது இருக்கும். ஒருநாள் நேர்த்தையல் போட உட்கார்ந்தவள், மெஷின் சக்கரத்தில் கை வைத்தபடியே தூங்கிப்போனாள். ஊசி துணியில் பாதி இறங்கி நிற்கிறது. நெற்றி மெஷின் மேல் சாய்ந்திருந்தது. தட்டி எழுப்பலாம் என்று பக்கத்தில் போனேன். அவள் உச்சந்தலை கண்ணில் பட்டது. நடுவில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு முடி தேய்ந்து தோல் வழவழவென்று இருந்தது. அம்மாவுக்கும் அதே இடத்தில் அப்படி உண்டு. சின்னப்பிள்ளையில் அம்மாவுக்குப் பேன் பார்க்கும்போது அந்த இடத்தை விரலால் தடவிப் பார்ப்பேன். எழுப்பாமல் அப்படியே நின்றேன்.

அவள் விழித்த பிறகு, ஆங்கிலம் தெரிந்த இன்னொரு பிள்ளையை வைத்து, ஏன் தூக்கம் என்று கேட்டேன். ராத்திரி ஒரு கடை வாசலில் படுக்கிறார்களாம், ஏழெட்டுப் பேர் சேர்ந்து. சம்பாதித்த காசை உடம்போடு கட்டிக்கொண்டுதான் படுக்க வேண்டும். ஆண்கள் வருவார்கள் என்பதால் ஒருத்தி மாற்றி ஒருத்தி முழித்திருக்க வேண்டும். விடியுமுன் கடைக்காரர் வந்து எழுப்பிவிடுவார். "காலையில்தான் சரக்கு இறங்கும் ஆன்ட்டி. காலையை உங்களிடம் கொடுத்துவிட்டால் மத்தியானம் எதைச் சாப்பிடுவது?" என்று கேட்டாள். கோபமே இல்லாமல் கேட்டாள்.

அன்றைக்கு ராத்திரி அம்மாவுக்கு போன் போட்டுச் சொன்னேன். அம்மாவுக்குத் தையல் வகுப்பைப் பற்றிக் கேட்கத் தோன்றவில்லை. "அந்தப் பிள்ளைக்குச் சுமடு தூக்கிவிட ஆளுண்டு, சரக்கு வாங்கினவங்க தூக்கி விடுவாங்க. இறக்கி வைக்க எடம் உண்டா மக்களே?" என்றாள்.

எங்கள் பக்கத்துப் பழைய பாதைகளில் சுமடுதாங்கிக் கல் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இரண்டு கல்லை நட்டு மேலே ஒரு கல்லைக் குறுக்கே போட்டிருக்கும், ஆள் உயரத்துக்கு. கர்ப்பிணியாக இறந்துபோன பெண்ணின் நினைவாக அந்தக் காலத்தில் அதை நடுவார்கள். தலைச்சுமையை யார் உதவியும் இல்லாமல் அதில் தள்ளிவைத்துவிட்டுக் கொஞ்சம் நிமிர்ந்து நிற்கலாம். அம்மாவுக்கு வழியில் அந்தக் கல்லும் இருந்தது, சாயங்காலம் சருவத்தைக் கழுவிக் கவிழ்த்து வைக்கச் சொந்தத் திண்ணையும் இருந்தது. நாங்கள் படித்ததற்கும் பிழைத்ததற்கும் அந்தத் திண்ணைதான் காரணம் என்று எனக்கு அப்போதுதான் உறைத்தது.

முளகுமூட்டுக் கதையே அதுதானே. பெல்ஜியத்திலிருந்து மதர் மேரி லூயிஸ் டி மேஸ்டர் 1897-ல் அங்கே வந்தது முதலில் அநாதைப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்ளத்தான். பிள்ளைகளுக்குப் படுக்கப் பாயும் மேலே கூரையும் இருந்த இடத்தில்தான் லேஸ் பின்னலும் வளர்ந்தது. பாதி ராத்திரி முழித்திருந்த பிள்ளையால் அத்தனை மெல்லிய நூலை எண்ணிப் பின்ன முடியாது.

சரி, அக்ராவில் ஒரு அறை பிடித்துக் கொடுத்தால் என்ன என்று விசாரித்தேன். அங்கே வாடகை வேறு மாதிரி. ஆறு மாத வாடகைக்கு மேல் முன்பணம் கேட்கக் கூடாது என்று 1963-லேயே சட்டம் போட்டிருக்கிறார்கள். ஆனாலும் ஒரு வருடம், இரண்டு வருடம் என்று மொத்தமாகத்தான் கேட்பார்கள். அன்றாடம் காய்ச்சிக்கு அது எப்படி முடியும்? அதனால்தான் பழைய ஃபடாமா போன்ற குடிசைப் பகுதிகளில் பலகை அறையில் பத்துப் பேரோடு நெருங்கிப் படுத்து, தலைக்கு இவ்வளவு என்று வாராவாரம் கொடுக்கிறார்கள். அதுவும் கிடைக்காதவர்கள் கடை வாசலுக்குப் போகிறார்கள். இத்தனைக்கும் நாங்கள் போய் இறங்கிய 2017 வரை, சுமை தூக்க வருகிற இந்தப் பிள்ளைகளிடமும் சந்தை வரி பிரித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வருட பட்ஜெட்டில்தான் அதை ரத்து செய்தார்கள்.

எங்களால் முடிந்தது சின்ன வேலைதான். வகுப்பை ஞாயிற்றுக்கிழமைக்கு மாற்றச் சொல்லி மன்றாடினேன், அன்றைக்குத்தான் சந்தையில் வேலை குறைவு. மையம் ஒத்துக்கொள்ளாததால் அதே தெருவில் இருந்த ஒரு தையல்கார அக்காவின் கொட்டகையில் தொடங்கினோம். வந்ததும் முதலில் சாப்பாடு. வாச்சே என்று ஒன்று செய்வார்கள், பெரும்பயறும் அரிசியும் சேர்த்து வேகவைத்தது, நம் பயற்றுக்கஞ்சியைக் கெட்டியாக வைத்தால் எப்படியோ அப்படி. அப்புறம் பாய் விரித்து இரண்டு மணி நேரம் தூக்கம். அதற்குப் பிறகுதான் தையல். யாரும் விட்டுப்போகவில்லை.

அறைக்குப் பணம் சேர்த்தது அவர்களேதான். அங்கே 'சுசு' என்று ஒரு சேமிப்பு. தண்டல்காரர் தினமும் வந்து ஒரே தொகையை வாங்கி அட்டையில் குறித்துக்கொள்வார். மாதக் கடைசியில் ஒரு நாள் தொகையைக் கூலியாக எடுத்துக்கொண்டு மீதியைத் திருப்பித் தருவார். ஆறு பேர் அப்படிச் சேர்த்தார்கள். முன்பணத்தில் குறைந்ததை நானும் என்னைப் போல் அங்கே இருந்த நான்கு தமிழ்க் குடும்பங்களும் போட்டோம். பத்துக்குப் பத்து அறை, கதவில் நல்ல பூட்டு. முதல் ராத்திரி ஆறு பேரும் காலை எட்டு மணி வரை தூங்கினார்களாம். தையல்கார அக்கா பயந்துபோய்க் கதவைத் தட்டியிருக்கிறார்.

மெஷின் மேல் தூங்கிய பிள்ளை 2021-ல் கையால் சுற்றும் மெஷின் ஒன்றோடு ஊர் திரும்பினாள். அடுத்த வருடம் நாங்களும் கொளச்சல் வந்துவிட்டோம். எல்லோருக்கும் அப்படி நடக்கவில்லை. ஒருத்தி கர்ப்பமாகிப் போனவள், எங்கே இருக்கிறாள் என்றே தெரியவில்லை. இரண்டு பேர் இன்னும் பழைய துணி மூட்டை சுமக்கிறார்கள், ஒவ்வொன்றும் ஐம்பது கிலோவுக்கு மேல். அந்தத் துணி விற்கிற கந்தமாந்தோ சந்தை 2025 ஜனவரி முதல் வாரம் ராத்திரியோடு ராத்திரியாக எரிந்தபோது, அவர்களுக்கு வாரக்கணக்கில் வேலை இல்லை. ஆனால் அறை இருந்தது. சுசு அட்டையில் கொஞ்சம் பணம் இருந்தது.

போன வாரம் அந்தத் தையல்கார அக்கா வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். பின்னால் மெஷின் ஓடுகிற சத்தம். வடக்கிலிருந்து புதிதாக ஒரு பிள்ளை வந்திருக்கிறாள், பதினேழு வயது, பஸ்ஸில் இறங்கி நான்கு நாள் ஆகிறது, வருகிற ஞாயிறு அவளுக்கு எதிலிருந்து தொடங்கலாம் என்று கேட்டார். தைக்க உட்கார வைக்க வேண்டாம், அன்றைக்கு முழுக்கத் தூங்கட்டும் என்று பதில் அனுப்பினேன்.