டர்ஹாம், அமெரிக்கா, 2018

ஜூன் 18, திங்கள்

போன் வரவில்லை.

ஜூன் 20, புதன்

இவருடைய மூளையில் இருக்கும் புற்றுக்கட்டி 5.5 சென்டிமீட்டருக்குள் இருந்தால்தான், டியூக் பல்கலைக்கழகத்தின் வைரஸ் சிகிச்சைச் சோதனையில் சேர்த்துக்கொள்வார்கள். சென்ற மாதம் 3.1. இன்று மறுபடி ஸ்கேன் எடுத்திருக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் ஸ்கேலை எடுத்துக்கொண்டு சமையலறையில் அளந்து பார்த்தேன். 3.1 என்றால் ஒரு நெல்லிக்காய். 5.5 என்றால் நல்ல எலுமிச்சம்பழம். பழக்கூடையை அலமாரிக்குள் வைத்து மூடிவிட்டேன்.

காபியைக் கையில் கொடுத்தேன். "சாவி சுடுகிறது" என்றார்.

ஜூன் 21, வியாழன்

அக்கா திருச்சியிலிருந்து பேசினாள். "எந்த வைரஸ் என்று நீ சொல்லவே இல்லையே?" இத்தனை நாள் மறைத்ததைச் சொன்னேன். போலியோ.

நெடுநேரம் பேச்சே இல்லை. இரண்டு வயதில் அவளுக்கு வந்த காய்ச்சல் நான்கு நாளில் போய்விட்டது. இடது கால் மட்டும் அதற்குப் பிறகு வளரவே இல்லை. இரும்புச் சட்டம் சிமெண்டுத் தரையில் தட்டும் ஓசையைக் கேட்டுத்தான் நான் தினமும் கண் விழித்தேன். பள்ளிக்கூடத்துக்கு அவளுடைய பையையும் நானே சுமந்தேன்.

"அதையா அவர் தலைக்குள் விடப் போகிறார்கள்?"

தெரிந்ததையெல்லாம் சொன்னேன். சேபின் சொட்டு மருந்துக்காக வீரியம் குறைத்த கிருமிதான் இது. அதன் மரபணுவில் ஒரு துண்டை எடுத்துவிட்டு, ஜலதோஷம் தரும் ரைனோவைரஸின் துண்டைப் பொருத்தியிருக்கிறார்கள். நரம்புச் செல்லுக்குள் இனி அதனால் பெருக முடியாது, புற்றுச் செல்லுக்குள் முடியும். போலியோ கிருமி பற்றிக்கொள்ளும் சிடி155 என்ற புரதம் அந்தச் செல்களின் மேல் மண்டிக் கிடக்கிறது. கிருமி உள்ளே நுழைந்ததும் உடம்பின் எதிர்ப்புச் சக்தி விழித்துக்கொண்டு கட்டியைத் தாக்கத் தொடங்கும். டியூக்கில் மத்தியாஸ் குரோமையர் என்ற ஆய்வாளர் எத்தனையோ வருடங்களாக இந்த ஒன்றின் பின்னால்தான் இருக்கிறார்.

அக்கா கடைசியில் சொன்னாள்: "நம் வீட்டுக்கு அது பட்ட கடன் ஒன்று பாக்கி இருக்கிறது. கொடுக்கட்டும்."

ஜூன் 25, திங்கள்

4.4.

ஜூன் 27, புதன்

இந்தச் சிகிச்சையின் ஆய்வுக் கட்டுரை நேற்று நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசினில் வந்துவிட்டது. இரவு மூன்று முறை படித்தேன். 2012 முதல் 2017 வரை 61 பேர். இரண்டு ஆண்டு முடிவில் உயிரோடு இருப்பவர்கள் 21 விழுக்காடு. மூன்று ஆண்டு முடிவிலும் அதே 21. இந்த மருந்து இல்லாத பழைய நோயாளிகளில் 14, பிறகு 4.

வாழ்த்துச் சொல்லி எல்லோரும் செய்தியை அனுப்புகிறார்கள். அந்த 12.5 மாதத்தை மட்டும் யாரும் எழுதவில்லை. பாதிப் பேர் அதற்குள் போய்விட்டார்கள். பழையவர்களுக்கு அது 11.3. நடுவில் இருப்பது ஒரு மாதமும் சில நாட்களும். அதுவும் பழைய பதிவேட்டோடு ஒப்பிட்ட கணக்கு, இரண்டு குழுவாகப் பிரித்துப் பார்த்ததல்ல.

ஆனாலும் கட்டுரையில் உள்ள படத்தில், உயிரோடு இருப்பவர்களைக் காட்டும் கோடு இறங்கி இறங்கி வந்து, 24ஆம் மாதத்துக்கு அப்பால் தரையைத் தொடாமல் நேராகப் போகிறது. அதன் மேல் விரலை வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தேன். அங்கே இவருக்கு ஓர் இடம் வேண்டும். வேறெதுவும் வேண்டாம்.

ஜூன் 29, வெள்ளி

கிருமியை விடுவதற்கு ஒரு வாரம் முன்பாவது போலியோ தடுப்பூசி போட்டாக வேண்டும். இன்று இடது கையில் போட்டார்கள். பஞ்சை நான் அழுத்திப் பிடித்துக்கொண்டேன்.

2014 மார்ச்சில் இந்தியாவில் போலியோ ஒழிந்தது என்று அறிவித்த அன்று அக்கா பாயசம் வைத்துத் தெருவுக்கே கொடுத்தாள். இன்று வெள்ளிக்கிழமை என்று மலைக்கோட்டைக்குப் போயிருக்கிறாள். தாயுமானவர் சந்நிதி வரை அத்தனை படியும் அந்தக் காலோடு. வேண்டாம் என்று சொன்னால் கேட்க மாட்டாள்.

ஜூலை 3, செவ்வாய்

தலைவலி. ஸ்டீராய்டைக் கூட்டினார்கள். என்னை அவருடைய அம்மாவின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டார். என்னப்பா என்றேன்.

ஜூலை 6, வெள்ளி

தேதி கிடைத்துவிட்டது. செவ்வாய்க்கிழமை.

ஜூலை 8, ஞாயிறு

எலுமிச்சை சாதம் வேண்டும் என்று கேட்டார். புளி தீரவில்லை, புளிசாதம் செய்து தருகிறேன் என்றேன்.

ஜூலை 10, செவ்வாய்

9.40க்குத் தொடங்கினார்கள். ஆறரை மணி நேரம். மணிக்கு அரை மில்லி. மொத்தமும் சேர்ந்தால் ஒரு தேக்கரண்டி நிறையாது. மண்டையில் துளையிட்டு வைத்த குழாய் தலையணையைத் தாண்டிப் போகிறது. உள்ளே ஏதாவது நகர்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறேன். கண்ணுக்கு எதுவும் தெரியவில்லை.

2.10. இன்னும் இரண்டு மணி நேரம். அக்கா அங்கே தூங்காமல் உட்கார்ந்திருக்கிறாள்.

கண் திறந்தார். "சாவி" என்றார். தண்ணீர் டம்ளரைக் கொடுத்தேன்.