தாங்லார் ஏன் அழவில்லை

ஃபிரெஞ்சு இசைப்படம் எதைப் பார்க்கலாம் என்று யார் கேட்டாலும் இயக்குநர் ழான் ரெனுவாரின் ‘ஃபிரெஞ்ச் கான்கான்’ என்றுதான் சொல்வேன். 1955-இல் வந்தது. கடனில் மூழ்கிய அரங்க முதலாளி தாங்லார், பாரிஸின் மோன்மார்த்தர் குன்றுப் பகுதியில் துணி வெளுக்கும் நினி ஆடுவதைப் பார்த்துவிட்டு, வழக்கொழிந்த கான்கான் நடனத்தைத் தூசு தட்டி எடுத்து மூலான் ரூஜ் அரங்கத்தைக் கட்டுகிறார், அவ்வளவுதான் கதை. நிஜ மூலான் ரூஜை 1889-இல் திறந்தவர்கள் ஒல்லெர், சிட்லெர் என்ற இருவர். படத்தில் அந்த வரலாற்றைத் தேட வேண்டாம்.

திறப்பு விழா இரவுக்காகவே இந்தப் படத்தைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். நினிக்கு தாங்லார் மேல் காதல், அவரோ அதற்குள் புதிதாக வந்த பாடகி பக்கம் சாய்ந்துவிட்டார். நினி கதவைச் சாத்திக்கொண்டு ஆட மாட்டேன் என்கிறாள். தாங்லார் கெஞ்சவில்லை, கத்துகிறார்: என்னைக் கூண்டில் அடைக்க முடியாது, நான் உருவாக்குவதுதான் எனக்கு முக்கியம், நாமெல்லாம் வெளியே உட்கார்ந்திருக்கும் ஜனங்களுக்காக உழைப்பவர்கள். கேட்கவே கொடுமையாக இருக்கிறது. ஆனால் அவரை நல்லவராக்க ரெனுவார் மெனக்கெடவே இல்லை, அந்த நேர்மை எனக்கு ரொம்பப் பிடிக்கும்.

நினி வெளியே வருகிறாள். அப்புறம் ஆட்டம்! கூட்டத்துக்கு நடுவிலிருந்தே பெண்கள் பாய்ந்து வந்து, பாவாடையைச் சுழற்றி, கத்திக்கொண்டே தரையில் காலை விரித்து விழுகிறார்கள். தாங்லார் அதைப் பார்ப்பதுகூட இல்லை. மேடைக்குப் பின்னால் தனியாக நாற்காலியில் சாய்ந்து, இசையை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறார், தாளத்துக்கு ஒரு கால் தானாக எழும்புகிறது. தாங்லாராக நடித்த ழான் கபென் வசனமே இல்லாமல் அந்த மனிதரின் மொத்த வாழ்க்கையையும் அந்தக் காலிலேயே காட்டிவிடுகிறார்.

நடனத்தை ஆற அமரக் காட்டுவது ரெனுவாருக்குப் புதிதல்ல. வங்காளத்தில் அவர் எடுத்த ‘தி ரிவர்’ படத்தில், கலாக்ஷேத்ராவில் பயின்ற அடையாறு ராதாவின் ஆட்டத்தையும் இப்படித்தான் பொறுமையாகப் பார்த்தார்.

மோன்மார்த்தர் தெருக்கள் எல்லாம் ஸ்டுடியோவில் போட்ட செட். அந்த வண்ணங்களைப் பார்த்தால் இவர் ஓவியர் ரெனுவாரின் மகன் என்று யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஒரு காட்சியில் புகழ்பெற்ற பாடகி எடித் பியாஃப் வந்து பாடுகிறார். ஆனால் மனதில் நிற்பது மோன்மார்த்தர் குன்றைப் பற்றிய சோகப் பாட்டுதான், வரிகளை ரெனுவாரே எழுத, ஜோர்ஜ் வான் பாரி இசையில் கோரா வோகேர் பின்னணி பாடியது. முதலில் அதை மட்டுமாவது கேட்டுப் பாருங்கள்.