ஆக்சிஜனேற்ற அழுத்த ஆய்வுக்குப் போகிறவர்கள் பழைய மருந்து விவரத்தைக் கையோடு கொண்டுபோங்கள்

எச்.ஐ.வி. தொற்றுடன் வாழ்பவர்களுக்கு ஆக்சிஜனேற்ற அழுத்தத்தால் (ஆக்சிஜனின் தீவிர மூலக்கூறுகள் அளவுமீறிப் பெருகி உடலைச் சேதப்படுத்தும் நிலை) இதயமும் ரத்தக் குழாய்களும் எந்த அளவு பாதிக்கப்படுகின்றன என்று பார்க்கும் ஓர் ஆய்வில் பங்கேற்று, ஒருவழியாக முடிவுத் தாளையும் வாங்கிவிட்டேன். ஒப்புதல் படிவம், எடை, ரத்த அழுத்தம் எல்லாம் மளமளவென்று முடிந்தன. இதற்கு முன் என்னென்ன ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி.யை அடக்கும் சிகிச்சை) மருந்துகளை எந்தெந்த ஆண்டுகளில் சாப்பிட்டேன் என்பதற்குச் சான்று கேட்டார்கள்; அங்கேதான் இழுபறி தொடங்கியது.

கேட்டதில் நியாயம் உண்டு. ஸ்டாவுடின், டிடனோசின், சிடோவுடின் ஆகிய பழைய மருந்துகள், உயிரணுக்களுக்குள் ஆற்றலைத் தயாரிக்கும் மைட்டோகாண்ட்ரியாவின் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் நொதியைத் தடுப்பவை. பழுதுபட்ட மைட்டோகாண்ட்ரியாவிலிருந்து ஆக்சிஜனின் தீவிர மூலக்கூறுகள் கூடுதலாக வெளிப்படும். ஸ்டாவுடினைப் படிப்படியாகக் கைவிடுமாறு உலக சுகாதார நிறுவனம் 2009-இல் பரிந்துரைத்தது. அதற்கு முன் சிகிச்சை தொடங்கியவர்களையும் பின்னர் தொடங்கியவர்களையும் ஒரே தட்டில் வைத்து எடைபோட முடியாது என்பது ஆய்வுக் குழுவின் வாதம்.

ஆனால், முன்பு சிகிச்சை பெற்ற இடத்தின் பதிவறை எழுத்தர், அலமாரிப் பக்கம் தலையைக்கூடத் திருப்பாமல், “அவ்வளவு பழைய கோப்பெல்லாம் கிடைக்காது” என்றார். அதோடு விட்டிருந்தால் பொறுத்திருப்பேன்; வரிசையில் நின்ற அத்தனை பேர் காதிலும் விழும்படி நோயின் பெயரைச் சொல்லி, “அதற்கான சீட்டா?” என்று கேட்டதை இன்னும் மறக்க முடியவில்லை. வாய்ச்சண்டையால் பயனில்லை என்று, சிகிச்சை தொடங்கிய தேதி, மிகக் குறைந்த சிடி4 (நோய் எதிர்ப்பு அணுக்கள்) எண்ணிக்கை, மருந்து மாற்றிய ஆண்டுகள், கடைசி வைரல் லோடு (ரத்தத்தில் உள்ள வைரஸின் அளவு) ஆகிய நான்கையும் கேட்டு, மேலதிகாரிக்கு எழுத்துமூலம் மனு கொடுத்து, நகலில் முத்திரையும் வாங்கிக்கொண்டேன். கிடைக்காது என்ற கோப்பை அதே எழுத்தரே தூசி தட்டி எடுத்துவந்து கொடுத்தார். நீங்களும் இந்த நான்கையும் ஒரே தாளில் கேட்டு வாங்கிவிடுங்கள். துண்டு துண்டாகக் கேட்டால் துண்டு துண்டாகத்தான் அலைய வேண்டியிருக்கும்.

அடுத்தது ரத்தம். முதலில் எடுத்த ரத்தம் வீணாகிவிட்டது என்று திரும்ப வரச் சொன்னார்கள். மெல்லிய ஊசி வழியாக வேகமாக இழுத்ததில் சிவப்பணுக்கள் உடைந்து, தெளிந்த மஞ்சளாக இருக்க வேண்டிய பிளாஸ்மா இளஞ்சிவப்பாகிவிட்டதாம். உடைந்த அணுக்களிலிருந்து வெளிவரும் ஹீமும் இரும்பும் குழாய்க்குள்ளேயே கொழுப்பை ஆக்சிஜனேற்றும் என்பதால், உடலில் இல்லாத அழுத்தமும் அளவீட்டில் தெரியும். வெறும் வயிற்றோடு வந்தவரை மறுபடியும் பட்டினி போடுவதற்கு முன், பக்குவமாக ரத்தம் எடுக்கத் தெரிந்தவரை அமர்த்தியிருக்கலாம். போகிறவர்கள் போதிய தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள்; கைப்பட்டையை நெடுநேரம் இறுக்கி வைத்திருந்தால் தயங்காமல் சொல்லுங்கள். புகைபிடிப்பவரானால் அதையும் மறைக்காதீர்கள். இந்த அளவுகளை உயர்த்துவதில் புகைக்குப் பெரிய பங்கு உண்டு.

முடிவுத் தாளில், கொழுப்பு ஆக்சிஜனேற்றமடையும்போது உண்டாகும் மலோண்டயால்டிஹைடு என்ற பொருளின் பெயரும் ஓர் எண்ணும் மட்டுமே இருந்தன. இயல்பளவும் இல்லை, எந்த முறையில் அளந்தார்கள் என்பதும் இல்லை. வற்புறுத்திக் கேட்டபின் முறையின் பெயரை எழுதிக் கொடுத்தார்கள். பரவலாகப் பயன்படும் அந்த நிறமாற்றச் சோதனை வேறு பொருள்களுக்கும் நிறம் காட்டக்கூடியது. அதேபோல் கொழுப்பின் சேதத்தைக் காட்டும் எஃப்2 ஐசோபுரோஸ்டேன் என்ற பொருளின் அளவீடு இதைவிட நம்பகமானது என்றாலும், அதிலும் சிகிச்சையை மாற்றும் அளவுக்கு ஒப்புக்கொள்ளப்பட்ட எல்லைக்கோடு கிடையாது. என் மருத்துவர் அந்த எண்ணை ஓரமாக வைத்துவிட்டு, கொழுப்பு அளவையும் ரத்த அழுத்தத்தையும் பார்த்து, கொழுப்பைக் குறைக்கும் ஸ்டாட்டின் மாத்திரையைப் பற்றிப் பேசினார். எச்.ஐ.வி. உள்ள 7,769 பேர் பங்கேற்று 2023-இல் முடிவு வெளியான ரிப்ரீவ் ஆய்வில், பிட்டாவாஸ்டாட்டின் என்ற ஸ்டாட்டினை எடுத்துக்கொண்டவர்களிடம் மாரடைப்பு, பக்கவாதம் போன்ற பெரிய பாதிப்புகள் ஏறத்தாழ 35 சதவீதம் குறைந்திருந்தன.

எண்ணைக் கண்டு பயந்து ஆக்சிஜனேற்றத் தடுப்பு மாத்திரைகளை நீங்களாக வாங்கிவிடாதீர்கள். தான்சானியாவில் ஏ.ஆர்.டி. தொடங்கியவர்களுக்கு அதிக அளவு வைட்டமின்கள் கொடுத்துப் பார்த்த ஆய்வை, பலனும் தெரியாமல் கல்லீரல் நொதியும் உயர்ந்ததால் இடையிலேயே நிறுத்தினார்கள். டோலுடெக்ராவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தைச் சாப்பிடுபவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். இத்தகைய மாத்திரைகளில் உள்ள துத்தநாகம், மெக்னீசியம், இரும்பு, கால்சியம் ஆகியவை அந்த மருந்தைப் பிணைத்து உடலில் சேரவிடாமல் செய்யும். மருத்துவர் சொல்லிச் சாப்பிட நேர்ந்தாலும், டோலுடெக்ராவிரை அவற்றுக்கு 2 மணி நேரம் முன்போ 6 மணி நேரம் பின்போ சாப்பிடுங்கள்.